முதல்ல ஒரு பில் போடுங்க, கம்பெனி அப்புறம்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி, கம்பெனிப் பதிவு, இதுதான் பிழைப்பு. சென்னையிலோ பெங்களூரிலோ ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் ஸ்டார்ட்அப் என்று சொல்லிக்கொண்டு படியேறி வருவார்கள். பெயர் தயார், லோகோ தயார், இன்ஸ்டாகிராம் பக்கமும் தயார். பாக்கி பிரைவேட் லிமிடெட் ஒன்றுதான். "எவ்வளவு ஆகும் சார்?" என்று அவர்கள் கேட்பார்கள். "இதுவரைக்கும் யாராவது காசு கொடுத்து வாங்கியிருக்காங்களா தம்பி?" என்று நான் கேட்பேன். இல்லையென்றால் டீ வாங்கிக் கொடுத்து, ஒரு பில்லாவது போட்டுவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிடுவேன். என் வருமானத்துக்கு இது நல்லதில்லைதான். ஆனால் அதே பிள்ளைகள் ரெண்டு வருடம் கழித்து கம்பெனியை மூட வழி கேட்டு வரும்போது அவர்கள் அப்பாவும் கூட வந்து உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடிக்காது.

கம்பெனி தொடங்கும் செலவு உண்மையில் பெரிதில்லை. 15 லட்சம் ரூபாய் வரை அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி அதிகபட்சம் வெளியிடக்கூடிய பங்குத் தொகை, காட்டினால் மத்திய அரசின் பதிவுக் கட்டணமே கிடையாது. முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையெழுத்து, எங்களைப் போன்றவர்களின் கூலி, அவ்வளவுதான். செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பதிவான 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். பங்குப் பணம் வங்கியில் ஏறிவிட்டது, தொழில் தொடங்குகிறோம் என்று 180 நாளுக்குள் ஒரு படிவம் போட வேண்டும். ஒரு ரூபாய்க்குக்கூட விற்கவில்லை என்றாலும் வருடா வருடம் தணிக்கை உண்டு, கணக்குக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கைக்கு இன்னொரு படிவம் உண்டு. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். சரி, வேண்டாம், மூடிவிடலாம் என்றால் அந்த விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணமே 10,000 ரூபாய். நிலுவைப் படிவங்களையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அதற்கும் போக முடியும்.

தனி ஆளாகத் தொடங்குகிறவருக்கு இதெல்லாம் எதற்கு? உரிமையாளர் நிறுவனம், நாங்கள் புரொப்ரைட்டர்ஷிப் என்று சொல்வது, அதற்குத் தனியாகப் பதிவே கிடையாது. உங்கள் பான் எண்தான் அதன் பான் எண். சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம், கட்டணம் எதுவும் இல்லை. 2020 ஜூலை 1 முதல் இப்படித்தான் நடக்கிறது. இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் இணையதளங்கள், பார்த்தால் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், ஏகப்பட்டது உண்டு. முகவரியில் கடைசியில் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டுச் சாமான் என்றால் கூடவே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் அடிப்படைப் பதிவு, அதன் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இந்த ரெண்டு சான்றும் கையில் இருந்தால் பெரும்பாலான வங்கிகளில் கடை பெயரில் நடப்புக் கணக்கு திறந்துவிடலாம்.

இந்த நடப்புக் கணக்கு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். கியூஆர் அட்டையில் விழும் காசு அம்மா கணக்குக்கும், பெட்ரோல் உங்கள் கணக்கிலிருந்தும், சரக்கு அண்ணன் ஜிபேயிலிருந்தும் போனால், லாபமா நட்டமா என்று என்னாலும் சொல்ல முடியாது. மீனாட்சியாலும் சொல்ல முடியாது.

வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். மெக்கானிக்கல் படித்தவன். வீட்டுக்கு வந்து மிக்ஸி, கிரைண்டர், தேய்ப்புப் பெட்டி எடுத்துப்போய்ப் பழுது பார்த்துத் திருப்பித் தருவது அவன் யோசனை. ஆப் செய்து தர ஒரு இடத்தில் 3 லட்சம் கேட்டிருக்கிறார்கள். அம்மா நகையை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "ஆப்ல என்னப்பா இருக்கும்?" என்றேன். வாடிக்கையாளர் ஃபோட்டோ போடுவார், முகவரி போடுவார், நேரம் போடுவார், காசு கட்டுவார் என்றான். இந்த நாலையும் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே எல்லாரும் செய்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

நகை பெட்டியிலேயே இருந்தது. அவன் வாட்ஸ்அப் பிசினஸைப் போட்டு, எல்லீஸ் நகர் குடியிருப்பில் தெரிந்த நாலு வீட்டில் எண்ணைக் கொடுத்தான். எடுத்துப்போகும் கூலி 100 ரூபாய், முன்பணம். வண்டி அப்பாவின் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். பழுது பார்ப்பது ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன், வேலைக்கு இவ்வளவு என்று பேச்சு. சொந்தமாக வாங்கியது ஒரு ரோல் மாஸ்கிங் டேப்பும் மார்க்கர் பேனாவும்தான். ஜாருக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று துண்டு ஒட்டி ஒரே எண்ணை எழுதுவான். முதல் வாரத்திலேயே ரெண்டு வீட்டு ஜார் மூடி மாறிப்போய், அந்த அக்காக்கள் பேசிய பேச்சில் வந்த புத்தி அது.

எனக்கு இதில் சுவாரசியமானது அடுத்து அவன் கண்டுபிடித்த ரெண்டு விஷயங்கள். ஒன்று, 'மிக்ஸி செத்துப்போச்சு' என்று வரும் அழைப்புகளில் ஒரு பங்குக்கு எந்தப் பழுதும் இருக்காது. சூடேறி ஓவர்லோடு சுவிட்ச் விழுந்திருக்கும். மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும். இதை அவன் போனிலேயே காசு வாங்காமல் சொல்லிவிட ஆரம்பித்தான். 100 ரூபாய் போச்சே என்று மெக்கானிக் அண்ணன் திட்டினார். ஆனால் பொத்தானை அமுக்கி மிக்ஸி ஓடிய வீட்டு அக்கா, மாடி மாடியாக அவன் எண்ணைக் கொடுத்துவிட்டார். அதற்கு நிகரான விளம்பரத்தை எந்த 3 லட்சத்திலும் வாங்கியிருக்க முடியாது.

ரெண்டாவதுதான் பெரியது. ஜனங்களுக்குப் பழுதுச் செலவு பற்றி அவ்வளவு கவலை இல்லை. கப்ளர் தேய்ந்தது, புஷ் லீக் ஆகி மோட்டாருக்குள் சட்னித் தண்ணீர் இறங்கியது, எதுவானாலும் கேட்ட காசைக் கொடுத்துவிடுகிறார்கள். 'நாளைக்குக் காலைல சட்னிக்கு என்ன செய்யறது?' என்பதுதான் கேள்வி. பழைய இரும்புக் கடையில் கிடந்த மிக்ஸிகளை வாங்கி, சரிசெய்து, எடுத்துப்போகும் வீட்டில் ஒன்றை வைத்துவிட்டு வர ஆரம்பித்தான். பழுதான மிக்ஸியைத் திருப்பித் தரும்போது அதை எடுத்துக்கொள்வான். தினம் 30 ரூபாய் வாடகை. இன்று அவன் தொழில் என்பதே அந்த மாற்று மிக்ஸிதான், பழுதுபார்ப்பு அதோடு ஒட்டி வருகிறது. முதலிலேயே ஆப் செய்திருந்தால் அதில் மாற்று மிக்ஸிக்குப் பொத்தானே இருந்திருக்காது. 3 லட்சம் போட்டு, எடுக்கிற நேரத்தை மட்டும் அழகாகக் கேட்கும் ஒரு திரை கிடைத்திருக்கும்.

ஆப் ஒரு நாள் வேண்டியிருக்கலாம், மறுக்கவில்லை. ப்ளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். ப்ளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறந்தால், வெளியிடும் முன் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும். அந்த 12 பேரைத் திரட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். இலவசமாக ஒரு ஆப்பை வைத்துக்கொள்ள 12 பேர் சிக்கவில்லை என்றால், காசு கொடுத்து வாங்க ஆள் எங்கே கிடைக்கும் என்று அங்கேயே நின்று யோசித்துவிடலாம். கூகுள் வரைபடத்தில் கடை விவரத்தை ஏற்றுவது, கூகுள் படிவத்தில் ஆர்டர் வாங்குவது, ஜோகோ இன்வாய்ஸில் பில் போடுவது, எல்லாம் இலவசம். தொடக்கத்துக்கு இது தாராளம்.

ஆனால் மென்பொருள் இலவசம், பதிவு இலவசம் என்று எவ்வளவு சொன்னாலும் நம்ம ஊரில் காசு போகும் ஓட்டை வேறு. பாக்கி.

திருப்பரங்குன்றத்தில் ஒரு அக்கா. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. கைப்பக்குவம் அருமை. மளிகைக் கடைகளுக்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்கும் லைன் போட்டார், அதாவது கடை கடையாகச் சுற்றிச் சரக்கு போட்டார். "சரக்கை வெச்சிட்டுப் போங்கக்கா, அடுத்த லைனுக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்பதுதான் எல்லாக் கடையிலும் பதில். அடுத்த லைனில் பாதிக் காசு வரும், புதுச் சரக்கு இறங்கும். அதற்கடுத்த லைனில் தேதி முடிந்த பாக்கெட்டுகள் டேமேஜ் என்று திரும்பி வரும். அவர் நோட்டில் விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது. நான் உட்கார்ந்து கூட்டியபோது கடைகளில் நின்ற பாக்கி மட்டும் 90,000 ரூபாய்க்கு மேல். அடுத்த மூட்டை உளுந்துக்குக் கையில் காசில்லை. கீழமாசி வீதி மொத்தக் கடையில் புது ஆளுக்குக் கடன் தரமாட்டார்கள். ஆக, சின்னவர் ரொக்கத்துக்கு வாங்கிப் பெரியவருக்குக் கடனுக்கு விற்கிறார். இந்தப் பொடித் தொழிலில் முதலீடு போட்டது கடைக்காரர்களுக்காகத்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் காசு தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் காசு கொடுக்காத வியாபாரி அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். பெரிய கடைகளின் ஆடிட்டர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள் என்பது உண்மை. ஆகவே பில்லில் உத்யம் எண்ணைக் கட்டாயம் அச்சடியுங்கள், அதற்குச் செலவில்லை. ஆனால் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி மேல் யார் புகார் கொடுக்கப்போகிறார்கள்? கொடுத்துவிட்டு அடுத்த நாள் அந்தத் தெருவில் எப்படி லைன் போவது?

வேறு வழி யோசித்தோம். இதே மதுரையில் முன்பணம் கேட்டால் யாரும் முகம் சுளிக்காத தொழில்களும் இருக்கின்றன. பந்தல்காரருக்கு முன்பணம், சமையல்காரருக்கு முன்பணம், மாலை கட்டுபவருக்கு முன்பணம், பத்திரிகை அடிக்க முன்பணம். விசேஷ வீடு சம்பந்தப்பட்ட எதிலும் பாதிப் பணம் முன்னால் கொடுப்பதுதான் வழக்கம், அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. அக்கா இப்போது கல்யாணத் தாம்பூலப் பைக்குச் சின்னப் பொடிப் பாக்கெட்டுகள் போட்டுத் தருகிறார். பாதிக் காசு ஆர்டரோடு வந்துவிடும், அதில் உளுந்து வாங்கிவிடுவார். ஆடியிலும் மார்கழியிலும் கை காயும். அப்போது ரெண்டு பெண்கள் விடுதிகளுக்கு மாதப் பணம் முன்கூட்டி வாங்கிக்கொண்டு சப்ளை. கடை லைனை விட்டுவிட்டார். கடைகளின் வழக்கத்தை ஒரு புது ஆள் மாற்ற முடியாது. காசு முதலில் வரும் வழக்கம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போய் நிற்கத்தான் முடியும். குறைந்த செலவில் தொழில் தொடங்க யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அச்சு விஷயம் ஒன்று. சிவகாசி பக்கத்தில் இருப்பது நமக்கு ஒரு சோதனை. ஆஃப்செட்டில் அதிகமாக அடிக்க அடிக்க ஒரு லேபிளின் விலை இறங்கிக்கொண்டே போகும், உடனே கை துறுதுறுக்கும். பத்தாயிரம் லேபிள் அடித்த பிறகு முகவரி மாறும், எடை 100 கிராமிலிருந்து 75 ஆகும், அல்லது அதே பெயரை இன்னொருவர் ஏற்கெனவே டிரேட்மார்க் வாங்கி வைத்திருப்பது தெரியவரும். அச்சடித்த பவுச் இன்னும் மோசம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும், அந்தக் காசு தனி. கடையில் கிடைக்கும் வெறும் பவுச்சை வாங்கி, டிஜிட்டல் பிரிண்டில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டுங்கள். பெயர், முகவரி, எடை, எம்ஆர்பி, மாதம் வருடம், புகாருக்குத் தொலைபேசி எண், இவை இருந்தாக வேண்டும். பொதுத் தேடலில் டிரேட்மார்க் பார்ப்பது இலவசம். பதிவு செய்ய தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

இயந்திரமும் அப்படித்தான். மாவு மில்லில் கூலிக்கு அரைத்துப் பார்க்காமல் சொந்தமாகப் பொடி அரைக்கும் பல்வரைசர் இயந்திரம் வாங்காதீர்கள். விவசாயப் பொருள் சம்பந்தப்பட்டது என்றால் ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே தொழில் காப்பகம் இருக்கிறது, மாபிஃப் என்பார்கள். ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருவதில் பெட்ரோலைத் தவிர நட்டமில்லை. கடை வாடகைக்கும் இதே பதில்தான். மாசி வீதிகளில் கேட்கும் அட்வான்ஸில் ஒரு வருடத் தொழிலை ஓட்டிவிடலாம். அரவிந்த் கண் மருத்துவமனையே 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான். தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி அப்போது அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், வயது 58.

ஜிஎஸ்டி பற்றி நிறையக் குழப்பம். பொருள் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் தாண்டும் வரை தமிழ்நாட்டில் பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராமில் பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டார் என்று கூரியர் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறவர்கள் அதிகம். முதல் வருடம் உள்ளூரிலேயே விற்றுப் பழகுங்கள். கூரியர் காசும் மிச்சம்.

பணம் எங்கிருந்து? முதல் பணம் வாடிக்கையாளரின் முன்பணம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் மத்திய அரசின் முத்ரா சிறு தொழில் கடனில் சிசு வகையில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் தருகிறார்கள், கிளை மேலாளரைப் பொறுத்து அலைச்சல் கூடும் குறையும். மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் மானியக் கடன்களில் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் என்றதும், அந்தக் காசு கையில் வரும், அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். வராது. அது உங்கள் பெயரில் வங்கியில் மூன்று வருடம் கிடக்கும், தொழில் நடந்துகொண்டிருந்தால் அப்புறம் கடனில் கழிப்பார்கள். அதுவரை தவணையை உங்கள் விற்பனைதான் கட்ட வேண்டும். விற்பனையே இல்லாமல் மானியத்துக்காகக் கடன் வாங்கியவர்களின் இயந்திரங்கள் கப்பலூர்ப் பக்கம் தார்ப்பாய் மூடிக் கிடக்கின்றன.

உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து வைத்து, வந்த செய்முறைப் பணத்தில், அதாவது மொய்யில், தொழில் போடுகிறவர்களும் உண்டு. வட்டியில்லாப் பணம்தானே என்பார்கள். வட்டி இல்லைதான். ஆனால் திருப்பிச் செய்யும் தேதியைக் குறிப்பது அடுத்தவர் வீட்டுப் பெண் வயதுக்கு வருவதும் கல்யாணம் கூடுவதும். ஒரே வைகாசியில் ஏழெட்டு விசேஷம் விழுந்தால் கடைக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். தினத் தண்டலும் மீட்டர் வட்டியும் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, கம்பெனி எப்போது? ரெண்டு பேர் சேர்ந்து செய்கிறீர்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுத வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் பங்குக்குப் பணம் போடுகிறேன் என்கிறார். அல்லது தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் என்ற தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கிறீர்கள். டான்சீட்டில் 10 லட்சம் வரை தருகிறார்கள், பெண்கள் நடத்தும் நிறுவனம் போன்ற சில வகைகளுக்கு 15 லட்சம், பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. இந்த மூன்றில் ஒன்று வந்த அன்றைக்கு வாருங்கள், நானே செய்து தருகிறேன். வில்லாபுரத்துத் தம்பி இப்போது மெக்கானிக் அண்ணனைப் பங்காளியாகச் சேர்க்க நினைக்கிறான். அவர்களுக்கு எல்எல்பி, அதாவது கடன் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம், போதும் என்று சொல்லியிருக்கிறேன். விற்பனை 40 லட்சமும் பங்காளிகள் போட்ட பணம் 25 லட்சமும் தாண்டாதவரை தணிக்கைச் செலவு இல்லை.

வரும்போது ரெண்டு பேரின் பான், ஆதார், வங்கி விவரத் தாள், அலுவலக முகவரிக்கு மின்கட்டண ரசீது கொண்டுவாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துக் கடிதம் வேண்டும். அதை முதலில் கேட்டு வாங்கிவிடுங்கள். 'வீட்டு முகவரியில கம்பெனியா, வரிக்காரன் என்னைத் தேடி வருவானா' என்று அவர் பயந்துவிட்டால், பேசிப் புரியவைக்கவே ஒரு வாரம் போய்விடும்.